காரணம் இல்லாத கோடு

தேயிலை என்று நடுவில் எழுதி வட்டம் போட்டதுமே தாள் செத்துப்போனது.

பழைய கலண்டர்த் தாளின் முதுகில்தான் நான் வரைவது. பதுளைக் கடைகளில் வருடப் பிறப்புக்குக் கொடுக்கிற பெரிய கலண்டர். முன்பக்கம் முருகன், பின்பக்கம் வெறும் வெள்ளை. நடுவில் ஒரு சொல், அதிலிருந்து கிளைகள், கிளைக்குக் கிளை. மைண்ட் மேப் என்கிறார்கள். ஆசிரியர்களுக்கான ஒரு பயிற்சியில் கற்றது. வகுப்புக்கு அது உதவியதோ இல்லையோ, வாக்கியம் வராத என் பகல்களுக்கு உதவியது. வரிசையாக யோசிக்கச் சொன்னால் என் மனம் முரண்டு பிடிக்கும். சிதறவிட்டால் ஓடும், மேயும், எங்கிருந்தாவது எதையாவது கவ்விக்கொண்டு வரும்.

அன்று எதையும் கவ்வவில்லை. பதுளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர் வருடந்தோறும் தன் செலவில் இலக்கிய மலர் போடுவார். அதற்கு என்னிடம் கேட்டிருந்தார். "தேயிலையப் பத்தி எழுதுங்க டீச்சர். வாசிக்கிறவன் கண்ணுல தண்ணி வரணும்." கேட்டதையே நடுவில் போட்டேன். கிளைகள் மளமளவென்று வந்தன: அட்டைக்கடி, கூடை, பனி, முதுகு, கண்ணீர். எல்லாம் மேடைகளில் கேட்டவை. ஒன்றுகூட என்னுடையது இல்லை. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில், லயத்து வீட்டு வரிசையில் பிறந்து வளர்ந்தவள் நான். என் மலையை யாரோ எனக்கே மனப்பாடம் செய்து கொடுத்திருந்தார்கள்.

கிழித்தேன். அடுத்த மாதத்தைத் திருப்பி, நடுவில் எழுதினேன்: வேலைக்குப் போகாத நாள்.

வீம்புக்குத்தான். எங்களைப் பற்றி யார் எழுதினாலும் நாங்கள் வேலை செய்துகொண்டே இருக்கிறோம். படத்தில் கொழுந்து பறிக்கிறோம், பாட்டில் பறிக்கிறோம், வாழ்த்து அட்டையில் சிரித்தபடி பறிக்கிறோம். கையைச் சற்றுக் கீழே போட எந்த எழுத்தும் எங்களை விட்டதில்லை.

கிளைகள்: தீபாவளி. சாவு வீடு. காய்ச்சல். வேலைநிறுத்தம். அடைமழை. பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு காரணம். ஒவ்வொன்றும் யாரிடமோ அனுமதி கேட்டு நிற்கிறது. எரிச்சலாக வந்தது. பேனா நின்றுபோனால் முனையில் சொல் இல்லாத வெறும் கோடு ஒன்றை இழுத்துவிடுவது என் வழக்கம். காலியாகத் தொங்கும் கோட்டை மனம் ரொம்ப நேரம் பொறுக்காது. இழுத்தேன். காரணம் இல்லாத கோடு. அரிசி களைந்தேன், உலை வைத்தேன், திரும்பி வந்தேன். முனையில் எழுதினேன்: பூட்டு.

அந்த நாளை நான் மறந்தே போயிருந்தேன். நான் சின்னப் பிள்ளை, பாடசாலை விடுமுறை. விடியலில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு எல்லாரும் கிளம்பிக்கொண்டிருக்க, அம்மா லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அக்காவிடம் சொன்னாள்: "வெளிய பூட்டிட்டுப் போடி."

"ஏன், ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. இன்னைக்குப் புடிக்கல."

அக்கா சிரித்துக்கொண்டே பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். உள்ளே அம்மாவும் நானும். கொஞ்ச நேரத்தில் கங்காணி வந்தார், வேலைக்கு வராதவர்களைத் தேடி. பூட்டைப் பிடித்து ஆட்டினார். "காலங்காத்தால எங்க போய்த் தொலைஞ்சா இவ?" அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். அத்தனையும் சிரிப்பு. அவர் காலடி இறங்கிப் போனதும் பாயில் மல்லாந்து, கூரைத் தகர ஓட்டை வழியாக விழுந்த வெளிச்சத்தில் கையை நீட்டி, விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் அக்கா வந்து திறக்கும் வரை. அவ்வளவுதான் நடந்தது.

எழுதுமுன் அம்மாவுக்குப் போன் போட்டேன். "அம்மா, வெளிய பூட்டச் சொன்ன அந்த நாள எழுதவா?"

"எழுதேன். கங்காணிதான் போய்ச் சேந்துட்டாரே." பிறகு, "தூங்குனேன்னு மட்டும் எழுதிறாத புள்ள. நல்லா முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

எழுதினேன். முதலாளி கடையிலேயே, பெயின்ட் வாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வாசித்தார்.

"எழுத்து நல்லாருக்கு டீச்சர். ஆனா சம்பளம் கேட்டு சனம் ரோட்டுல நிக்கிற நேரம். இத வாசிக்கிறவன் என்ன சொல்லுவான்? பாத்தியா, தோட்டத்தாளுங்க சோம்பேறின்னு கைதட்டுவான்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுவே என்னை இன்னும் சீண்டியது. "யாரு மொதலாளி அவன்? அவனுக்குப் பயந்தா நாம எழுதணும்?"

"கோவிச்சுக்காதீங்க. கடைசில ஒரு பாரா சேருங்க. அந்தம்மா இருட்டுல படுத்து அழுவுறாங்க. முடிஞ்சுது, அச்சுக்கு அனுப்பிர்றேன்."

"அம்மா அழலியே."

"கட்டுரையிலதானே அழப்போறாங்க?"

"கட்டுரையிலயும் அழ மாட்டாங்க."

"அப்ப ஒங்க பக்கம் காலியாப் போகும்."

"போகட்டுமே."

தாள்களை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு படி இறங்கினேன். அந்த மலரில் ஒரு பக்கம் கிடைக்க எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? மலர் வந்தபோது எனக்கென்று வைத்திருந்த பக்கத்தில் கூரைத் தகட்டு விளம்பரம். "இந்த வருசம் நீங்க எழுதலயா டீச்சர்?" என்று பஸ்ஸில் கேட்டவர்களிடம், எழுதினேன் என்று மட்டும் சொன்னேன்.

எழுதியதை இங்கே வைக்கிறேன், ஒரு பாராவும் சேர்க்காமல். ஸ்பிரிங்வெளியில் ஒரு நாள் என் அம்மா வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் இல்லை, சாவு இல்லை, மழை இல்லை. பிடிக்கவில்லை. சோம்பேறி என்று சொல்கிறவர் சொல்லிக்கொள்ளட்டும். அவருக்காக அம்மா பாயிலிருந்து எழுந்திருக்க மாட்டாள்.