பின்வாசல் டிரம்கள்

அந்தமானில், ரங்கத் என்ற ஊரில் பதினெட்டு வருடமாகக் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளனாக இருக்கிறேன். வாரம் ஒருமுறை வீடு வீடாகப் போய்த் தண்ணீர் டிரம்மில் மருந்து ஊற்றுவது என் வேலை. இங்கே குழாயில் தினமும் தண்ணீர் வராது. ஆகவே எல்லா வீட்டிலும் டிரம் உண்டு, டிரம்மில் புழுவும் உண்டு. என் மருந்து நாறும். என்னைக் கண்டதுமே பெண்கள் மூக்கைச் சுளிப்பார்கள். "அந்தர் குச் நஹி பையா, பஸ் ஏக் ஹி டிரம்" என்பார்கள். உள்ளே ஒன்றுமில்லை, இந்த ஒன்றுதான் என்று. நானும் நம்பி, ஊற்றி, சுவரில் தேதி எழுதிவிட்டு வருவேன்.

போன வருடம் ஒப்பந்தத்தில் ஒரு பெண்ணைப் போட்டார்கள். போர்ட் பிளேரில் ஷாதிபூர்ப் பக்கம் வளர்ந்தவள், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த மீன்பிடிக் குடும்பம். அவளிடம் புது மருந்தைக் கொடுத்தார்கள். மண்ணில் இருக்கும் ஒரு பாக்டீரியாவிலிருந்து செய்த தூள். தண்ணீரில் கலந்து தெளித்தால் புழு அதைத் தின்னும். தின்ற புழு குடல் புண்ணாகி ஒரு நாளில் செத்துப்போகும். மனிதருக்கோ மீனுக்கோ ஒன்றும் ஆகாது. என் தெருக்களில் பாதியைப் பிரித்து அவளுக்குக் கொடுத்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் தூளைத் தெளித்துவிட்டு, அதே டிரம்மில் ஒரு டம்ளர் மொண்டு மடமடவென்று குடிப்பாள். அவ்வளவுதான். வீட்டுக்காரிகள் அவளைச் சமையலறை வழியாகப் பின்வாசலுக்கே கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே நான் பதினெட்டு வருடமாகப் பார்த்திராத டிரம்கள் நின்றன. ஒரு பெங்காலி வீட்டில் அவளுக்கு டீயும் பிஸ்கட்டும் வைத்ததை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். அந்த வீட்டில் யாரும் என்னை உட்காரக்கூடச் சொன்னதில்லை. வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஒப்பந்தம் முடியும் சமயம் வந்தது. அவள் பகுதியில் சோதனை எடுத்துப் பார்த்துத்தான் நீட்டிப்போம் என்றார் அதிகாரி. மூத்தவன் என்று என்னையே சோதனைக்கு அனுப்பினார். அவள் தெளித்த மறுநாள், நீளக் கைப்பிடிக் கரண்டியோடு போய் டிரம் டிரம்மாக மொண்டு பார்த்தேன். புழு ஒன்றுகூட நெளியவில்லை. எல்லாம் செத்து அடியில் கிடந்தன. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. கடைசியில் இரண்டு டிரம்களில் மட்டும் கூட்டுப்புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

கூட்டுப்புழு எதையும் தின்னாது. அதனால் அந்தத் தூள் அதை ஒன்றும் செய்யாது. இந்த வேலையில் முதல் வாரமே தெரிந்துகொள்ளும் விஷயம் அது. படிவத்திலும் புழுவுக்கு ஒரு கட்டம், கூட்டுப்புழுவுக்கு ஒரு கட்டம் என்று தனித்தனியே இருக்கிறது. நான் அந்த இரண்டு டிரம் கூட்டுப்புழுக்களையும் புழுக் கட்டத்தில் எழுதினேன். 'உயிருடன் உள்ளன' என்று குறிப்பும் போட்டேன். கையெழுத்திட்டு அதிகாரியிடம் கொடுத்தேன்.

ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. போர்ட் பிளேருக்குக் கிளம்பிய காலையில் பஸ் ஸ்டாண்டில் என்னைத் தேடி வந்தாள்.

"நான்தான் ஒழுங்கா கலக்கல போல, அண்ணா" என்றாள். பிறகு ஒரு நோட்டை நீட்டினாள். "எந்தெந்த வீட்டுல பின்னாடி டிரம் இருக்குன்னு எழுதி வச்சிருக்கேன். இனிமே நீங்கதான பாக்கணும். என் பேரச் சொல்லுங்க, காட்டுவாங்க."

பஸ் போன பிறகு நோட்டைப் பிரித்தேன். வீட்டுக்கு வீடு, சின்னச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள். மூன்றாம் பக்கத்தில் என் குவார்ட்டர்ஸ் எண். 'குடிதண்ணீர் டிரம் இரண்டு. அண்ணா மருந்து ஊற்றும் தண்ணீரை அக்கா கொட்டிவிட்டு வேறு பிடித்து வைக்கிறார்கள். வாராவாரம் தூள் போட வேண்டும். அண்ணாவுக்குத் தெரிய வேண்டாம் என்றார்கள்.' அந்தப் பக்கத்தைக் கிழிக்க மறந்தாளோ, வேண்டுமென்றே விட்டாளோ.

செய்த காரியத்துக்கு நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ, என் மனைவி என்னிடம் சொல்லாததை அவளிடம் சொல்லியிருக்கிறாளே என்றுதான் முதலில் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றே அதிகாரியிடம் போய் உண்மையைச் சொல்லியிருந்தால் அவளைத் திரும்பக் கூப்பிட்டிருப்பார். மறு வாரமே அவள் என் வீட்டுப் பின்வாசலுக்கு வந்திருப்பாள். அதனால்தான் சொல்லவில்லை.