பனிச்சங்கேணி – ரொறன்ரோ: பயண நேரம்

விமான டிக்கெட் விற்கிறவனிடம் சனம் வானத்தைப் பற்றிக் கேட்கும். அவன் தலையிடியெல்லாம் தரையில்தான் கிடக்கும். கவுண்டருக்குப் பின்னால் கதிரையில் உட்கார்ந்தே தேய்ந்தவர்களே, உங்களுக்கு இது விளங்கும். சுனாமி வந்துபோய், சண்டை இன்னும் ஓயாத காலம். மட்டக்களப்பு ரவுனில் என் டிக்கெட் கடை.

எத்தனை மணித்தியாலம்?

பனிச்சங்கேணிப் பூமணியக்கா மீன் விற்கிறவ. ரொறன்ரோவில் மகளுக்குத் தலைப்பிள்ளை பிறக்க இருந்தது. பக்கத்தில் ஒரு சொந்தமும் இல்லை. தாய் போயே ஆகவேணும். விசாவும் வந்துவிட்டது. நான் சுவரில் தொங்கிய உலகப் படத்தில் பென்சிலால் கோடு இழுத்து, பெரிய மனிசன் மாதிரி விளக்கினேன்: கொழும்பிலிருந்து டுபாய் நாலரை மணித்தியாலம், அங்கிருந்து ரொறன்ரோ பதினாலு.

அக்காவோ ஊரிலிருந்து என் கடைக்கு வரும் ஒன்றரை மணித்தியால வழியை அன்று ஏழு மணித்தியாலத்தில் கடந்து வந்தவ. ஆமிக்காரர் மறிக்கிற சென்றி ஒவ்வொன்றிலும் பஸ்ஸால் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து, திரும்ப ஏறின களைப்பு முகத்தில். ஒன்றுதான் கேட்டா:

"அந்தப் பதினாலு மணித்தியாலத்தில எத்தின இடத்தில இறக்கி நடக்க விடுவானுகள் மனே?"

ராகுகாலம்

பயணநாளில் வெளிக்கிடுகிற நேரம் ராகுகாலமாம். பரிகாரம் இருக்கிறது: முன்கூட்டியே ஒரு நல்ல நேரத்தில் பெட்டியை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் தொடங்கினதாகக் கணக்கு. நாலு நாளைக்கு முதலே அக்காவின் தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் கடையில் வந்து நிற்கிறார். கடை முழுக்கக் கருவாட்டு மணம். பாஸ்போட்டும் டிக்கெட்டும் அதற்குள்தான் என்று கேட்டதும் தலையில் கைவைத்தேன். "ஊரில ஒரு வீடு கிடைக்கல்லையா?" என்று எரிந்து விழுந்தேன். மனிசன் ஆறுதலாகச் சொன்னார்:

"சுனாமிக்குப் பொறகு நாங்க எல்லாரும் கொட்டிலுக்குள்ளதானே இரிக்கம், வீடெண்டு சொல்ல உங்கட கடைதான்."

பூட்டின பாதை

பெட்டி வந்த இரண்டாம் நாள் ஆமிக்காரர் பாதையைப் பூட்டிவிட்டார்கள். பாஸ்போட் என் மேசையடியில், ஆள் பனிச்சங்கேணியில். ரொறன்ரோவிலிருந்து மகள் போன் எடுத்து, "அம்மா வெளிக்கிட்டாவா?" என்று அழுகிறாள். "ஓம்" என்றேன், பெட்டியைப் பார்த்துக்கொண்டு. அந்தப் பிள்ளையை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பயணநாள் மத்தியானம் அக்கா வாசலில் நிற்கிறா! காலையில் கொஞ்ச நேரம் பாதை திறந்திருக்கிறார்கள். மூட்டை முடிச்சோடு வந்த சனம் ஒவ்வொரு சாமானாக அவிழ்த்துக் காட்ட வரிசையில் நிற்க, வெறுங்கையோடு நின்ற அக்காவை அடையாள அட்டையை மட்டும் பார்த்துவிட்டு விட்டிருக்கிறார்கள். நான் வாயைத் திறக்க முதல் அவவே சொன்னா:

"ராகுவுக்குப் பயந்து அனுப்பின பொட்டி, ஆமிக்காரன்ட இருந்தும் என்னக் காப்பாத்திட்டுது, நீ என்னெண்டா எங்கட தம்பிய ஏசிரிக்காய்!"

ரொறன்ரோவிலிருந்து

வெளிக்கிட்டு ஐந்தாம் நாள் அக்காவின் போன். ஆண்பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம். உள்ளதைச் சொன்னால், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, பயணம் எப்படி என்று கேட்டேன்.

"பதினாலு மணித்தியாலமும் ஒருத்தனும் இறங்கு எண்டு சொல்லல்ல மனே, இருந்து இருந்து கால்தான் வீங்கிப் போச்சு!"

அன்றிலிருந்து தூரம் கேட்டு வருகிறவர்களுக்கு நான் உலகப் படத்தைக் காட்டுவதில்லை. என் கடை வரைக்கும் வந்து சேர்ந்தவர்களுக்கு ரொறன்ரோ கிட்டத்தான்.