கூரை இருந்த ஜன்னல்

மெட்ராஸுக்குக் கப்பல் ஏறுகிறவர் ஒன்றாம் ஜன்னலில் பெயரைப் பதிந்து, அந்தச் சீட்டுடன் இரண்டாம் ஜன்னலில் டிக்கெட் வாங்க வேண்டும் என்பது விதி. போர்ட் பிளேரில் எங்கள் டிக்கெட் அலுவலகத்தில் அந்த விதியை மீறாதவர்கள் நானும் சக குமாஸ்தாவும் மட்டுமே. நாங்கள் ஜன்னலுக்கு உள்ளே இருந்தோம்.

வந்தவர்கள் எல்லாரும் நேராக இரண்டாம் ஜன்னலில் நின்றார்கள். அங்கிருந்த சக குமாஸ்தா, என் திருநெல்வேலி நண்பர், ஒவ்வொருவரையும் நான் இருந்த ஒன்றுக்குத் திருப்பி அனுப்புவார். "படிக்காத ஜனம் வே" என்பது அவர் அபிப்பிராயம். எனவே பலகையைப் பெரிதாக்கினோம். பிறகு சிவப்பாக்கினோம். பிறகு தமிழ், இந்தி, வங்காளம் மூன்றிலும் எழுதினோம். வரிசை அசையவில்லை.

அறுபதுகளில் ஒரு மழைக்காலம். மறுநாள் கப்பல், அதை விட்டால் அடுத்தது எப்போது என்று கப்பலுக்கே தெரியாது. ஊருக்குள்ளேயே மின்னி பே என்ற பகுதியில் இருந்த ஒரு கொத்தனாரின் மனைவி, மதுரையில் மகளுக்குத் தலைப்பிரசவம் என்று காலையிலிருந்து நின்று, இரண்டாம் ஜன்னலை வந்தடைந்தார். டிக்கெட்டுகள் தீரும் நிலை.

"ஒண்ணாம் கிட்கிக்குப் போங்கம்மா. போர்டு வச்சிருக்கோம்லா, வாசிக்கப்படாதா?" என்றார் நண்பர்.

"வாசிச்சேன் பாபு. அங்க நின்னா நனையணும்னு அதுல போடலையே. இப்பப் போயிட்டு வர்றதுக்குள்ள டிக்கெட் கதம். எம் பொண்ணுக்கு நீங்களா பிரசவம் பாப்பீங்க?"

வரிசை சிரித்தது. நான் குடையுடன் வெளியே போய்ப் பார்த்தேன். இரண்டாம் ஜன்னலுக்குத் தகரக் கூரை இருந்தது. ஒன்றுக்கு வானம்தான். நானாக இருந்தாலும் இரண்டில்தான் நின்றிருப்பேன்.

என் பேத்தி இப்போது யூசர் எக்ஸ்பீரியன்ஸ் டிசைன் படிக்கிறாள். பயன்படுத்துகிறவர் நிற்கும் இடத்தில் போய் நின்று பார் என்பது முதல் பாடமாம். நல்ல பாடம்தான்.

உள்ளே வந்து என் மேஜையை இழுத்தேன்.

"எங்க வே வாறீரு?"

"உம்ம பக்கத்துல. தள்ளி உக்காரும்."

"ரூல்ல ரெண்டு ஜன்னல்லா இருக்கு?"

"இருக்கட்டும். ஒண்ணைச் சாத்திட்டேன்."

நான் பெயர் எழுத, அவர் டிக்கெட் கிழிக்க, அந்த அம்மாள் மறுநாள் கப்பல் ஏறினார். அன்று மாலையே, நடந்து முடிந்த காரியத்துக்கு முறைப்படி முன் அனுமதி கேட்டு மேலிடத்துக்கு எழுதினோம். நண்பர் என்னைத் திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஒரு மாதத்துக்கு மட்டும் தற்காலிகமாக அனுமதிக்கப்படுகிறது என்று பதில் வந்தது. அந்தப் பிரசவத்தில் பிறந்து, கொத்தனார் தாத்தாவைப் பார்க்க வந்திருந்த பேரன், ஊர் திரும்ப எங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் பெயரைத் தானே சொல்லிப் பதிந்த, பொங்கல் கழிந்த திங்கட்கிழமை அது.