நான் திரும்ப வைத்த குழாய்

பக்கவாதம் வந்த பிறகு என் மனைவிக்குப் பேச்சு நின்றது. விழுங்கவும் ஏலாமல் போனது. வாயால் கொடுத்த கஞ்சி புரையேறி நெஞ்சுக்குள் இறங்கி இரண்டு தரம் காய்ச்சலில் விழுத்தியதால், வயிற்றில் துளையிட்டு இரைப்பைக்குள் ஒரு குழாய் வைத்தார்கள். பெரியகல்லாற்றில் எங்கள் வீட்டுக்கு அவளைக் கூட்டிவந்த அன்று ஆஸ்பத்திரி வாட்டில் இருந்த தாதி சொன்னார்:

"ஐயா, புண் இன்னும் ஆறல்ல. குழாய் கழண்டா நீங்க வைக்கப்படாது. உடனே இங்க கொண்டு வாங்க."

"ஓம் மிஸ்" என்றேன்.

குழாயைச் சுற்றித் தோல் சிவந்து கசிந்துகொண்டே இருந்தது. குழாய் வைத்த பதினாறாம் நாள் காலை, நனைந்த விரிப்பை உருவும்போது குழாயும் சேர்ந்து வந்துவிட்டது. வெளியே மூன்று நாள் மழை. வீதியில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். ஆட்டோக்காரன் வர மாட்டேன் என்றான். துளை தூர்ந்துவிடுமோ என்று பயந்தேன். குழாயைச் சுடுதண்ணீரில் கழுவி, மெதுவாக உள்ளே தள்ளினேன். தடையில்லாமல் போனது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு பால்மா கரைத்து ஊற்றினேன். பாதியில் அவள் நல்ல கையால் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"கொஞ்சம்தான் புள்ள, முடிஞ்சிரும்" என்று மிச்சத்தையும் ஊற்றினேன்.

பின்னேரம் அவள் வயிறு பலகை போல இறுகியிருந்தது. பக்கத்து வீட்டு உழவு இயந்திரத்தின் பெட்டியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்த இயந்திரம் காலையிலும் அங்கேதான் நின்றது.

"ஆர் திரும்ப வெச்சது?" என்று டொக்டர் கேட்டார்.

"நான்தான்."

"இரைப்பைக்குள்ள போகல்ல ஐயா. பால் முழுக்க வெளிய, குடலைச் சுத்திக் கிடக்கு."

வயிற்றைத் திறந்து கழுவினார்கள். ஐந்தாம் நாள் அவள் போய்விட்டாள்.

சித்தாண்டியில் படிப்பிக்கும் மகள், ஆஸ்பத்திரியின் பிழைதான் என்று நம்பினாள். நான் வாய் திறக்கவில்லை. முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பின், ஆஸ்பத்திரியின் மேல் முறைப்பாட்டுக் கடிதம் ஒன்றை எழுதிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, இதுல கையெழுத்து வைங்க."

அப்போதுதான் சொன்னேன். எல்லாவற்றையும், தாதி சொன்னதையும் சேர்த்து.

"எனக்கு ஒரு போன் கோல் எடுத்திருக்கலாமே அப்பா" என்றாள். கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். சமைத்து மூடிவைக்கிறாள். என்னோடு சாப்பிட உட்காருவதில்லை.