பொன் ஊசிக்கு நீட்டாத நாக்கு

அரும்பாவூர் சந்தைக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை போட்டுச் சிந்தாமணி சோறு விற்றுக்கொண்டிருந்தாள். 1948-இல் பஸ்ஸுக்காக நான் மணிக்கணக்கில் காத்துக் கிடக்கும் நாட்களில் அங்கேதான் சாப்பிடுவேன். குழம்பில் உப்புப் போதவில்லை என்று யாராவது முணுமுணுத்தால், "அரமணைக்கே போதும்னு இருந்துச்சு, ஒங்களுக்குப் பத்தலையா?" என்பாள். பதினான்கு வருடம் ஒரு ஜமீன் அரண்மனையில் சமைத்தவள் அவள். அந்த வேலை எப்படிப் போயிற்று என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். திருடினாள் என்று சொன்ன புண்ணியவான்களும் உண்டு. நான் அவளிடமே கேட்டேன்.

அந்த ஜமீனின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வாரிசுகளுக்குப் பயந்து அல்ல. சிந்தாமணியின் கதையில் அந்தப் பெயருக்கு இடம் கொடுக்க எனக்கு மனமில்லை. உடையார்பாளையம், அரியலூர் மாதிரிப் பெரிய இடமும் இல்லை. காரை பெயர்ந்த மதில், நான்கு தேக்குத் தூண், ஒரு யானைக் கொட்டில். யானை செத்து இருபது வருடம் ஆகியும் கொட்டிலுக்கு மட்டும் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தார்கள். மொத்த ஜமீனும் அந்தக் கணக்குதான்.

சிந்தாமணி மீன்சுருட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கட்டியவன் பினாங்குக்குக் கப்பலேறிப் போனான், கடுதாசிகூட வரவில்லை. அரண்மனையில் காவல்காரனாக இருந்த தம்பி அய்யாக்கண்ணு அவளைக் கூட்டி வந்து அடுப்படியில் சேர்த்துவிட்டான். இரவில் படுக்கை தம்பி வீட்டில், பகலெல்லாம் அரண்மனைப் புகையில்.

பச்சைமலையிலிருந்து தேனும் புளியும் சுமந்துகொண்டு மலையாளிகள் அடுப்படிப் பின்வாசலுக்கு வருவார்கள். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மலையிலேயே பிறந்து வளர்ந்து தமிழ் பேசும் சனம் அவர்கள். அரண்மனைக்காரர்களுக்கு அவர்கள் தீட்டு. சிந்தாமணி மேலே படாமல் எட்ட நின்று, அவர்கள் விரித்த துணியில் அரிசியைக் கொட்டுவாள். அரிசியை வாங்கிக்கொள்வார்கள், மிஞ்சின சோற்றைக் கொடுத்தால் மட்டும் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்பார்கள். "பாவம், கூச்சப்படுதுங்க" என்று அவள் இரக்கப்படுவாள்.

1944 தை மாதம் ஜமீன்தார் பரிவாரத்தோடு பச்சைமலை ஏறினார். மலைச்சாமி திருவிழாவில் முதல் மரியாதை வாங்கிக்கொள்ள வேண்டும், நாலு காட்டுப்பன்றி சுட வேண்டும். ஜமீன்தாருக்கும் ராணிக்கும் டோலி. சமையல்காரிக்குக் கால். மூங்கில் புதரும் வேங்கை மரமும் அடர்ந்த பாதையில் பித்தளைப் பாத்திரங்கள் ஆட்களின் தோளில் ஏறிப் போக, அவள் பின்னாலேயே மூச்சிரைக்க நடந்தாள். மலையின் மேலே சாமை வயலும் புல் வேய்ந்த வீடுகளும் பலாமரங்களும் பார்த்து வாயடைத்துப் போனாளாம். "கீழேருந்து பாத்தா வெறும் மலைதாங்க. மேல ஒரு ஊரே பொழைக்குது" என்றாள் என்னிடம்.

மூன்றாம் நாள் அவளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. நான்காம் நாள் கீழே அரண்மனைக்கு ஏதோ வெள்ளைக்கார அதிகாரி வருவதாக ஜமீன்தாரிடம் ஆள் வந்து சொல்ல, உடனே கூடாரத்தைப் பிரித்தார்கள். காரியஸ்தர் சிவசுப்பிரமணியன்தான் எல்லாவற்றுக்கும் ஏற்பாடு. அண்டா இறங்கியது, குண்டா இறங்கியது, ராணியின் கண்ணாடி மெத்தையில் சுற்றி இறங்கியது. சமையல்காரியைத் தூக்க மட்டும் ஆள் இல்லை. ஒரு பொட்டலம் பொரியைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, "தேறினதும் வந்து சேரு" என்று சொல்லிப் போய்விட்டார்கள். அய்யாக்கண்ணு கீழே மதில் காவலில் இருந்தான்; அவனுக்குத் தெரியாது.

காராயி என்ற மலைக்காரி அவளை இழுத்துத் தன் வீட்டுக்குள் போட்டுக்கொண்டாள். நிலவேம்பு காய்ச்சிக் குடிக்க வைத்தாள். தன் வீட்டுச் சட்டியிலிருந்தே சாமைக் கஞ்சி ஊற்றினாள். அரைமயக்கத்தில் சிந்தாமணி குடித்தாள். மயக்கம் தெளிந்த பிறகும் தெரிந்தேதான் குடித்தாள்.

எட்டாம் நாள் மலைச்சனத்தின் தலைவரான ஊர்க்கவுண்டர் நாலு பேரோடு வாசலில் வந்து நின்றார். உள்ளே படுத்திருந்தவளுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"காராயி, கீழ்நாட்டுக்காரிக்கு ஒன் சட்டியிலயா ஊத்துற?"

"ஆமா."

"அவுங்க ஆக்குன சோத்தையே நாம திங்கிறதில்ல. ஒனக்குத் தெரியாதா? வூடே தீட்டாப் போச்சு. சட்டிய ஒடை."

சிந்தாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தீட்டு என்று அவர்கள் சொன்னது அவளை. பதினான்கு வருடமாக அவர்கள் சோற்றை மறுத்தது கூச்சத்தால் இல்லை. அரண்மனைச் சோறே அவர்களுக்குத் தீட்டு! அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த நொடியே, டோலியில் வந்து மாலை வாங்கிக்கொண்டு போன ஜமீன்தாரை நினைத்ததும் காய்ச்சலோடு காய்ச்சலாகச் சிரிப்பு வந்துவிட்டது.

வெளியே சட்டி உடைந்தது. காராயியின் குரல் கேட்டது: "ஒடைச்சாச்சு. நாளைக்கும் ஊத்துவேன். இன்னும் ரெண்டு சட்டி இருக்கு, அதையும் வந்து ஒடைங்க. எந்திரிச்சு நடக்குற வரைக்கும் இவ என் வூட்டுலதான் கெடப்பா."

பதினெட்டு நாள் கிடந்தாள். மூன்று சட்டியும் போயிற்று.

இறங்கி வந்தவள் நேரே அடுப்படிக்குப் போனாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. பிழைத்தாயா என்றுகூடக் கேட்கவில்லை. ஐந்து நாள் சமைத்தாள். அரண்மனை முழுக்கச் சாப்பிட்டது. ஐந்தாம் நாள் உடன் வேலை செய்த பூங்காவனத்திடம் சாமைக் கஞ்சியின் ருசியைப் பற்றிச் சொன்னாள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? பொழுது சாய்வதற்குள் காரியஸ்தர் காதுக்குப் போய்விட்டது.

தீர்ப்பு உடனே வந்தது. மலைச்சனத்தின் சட்டியில் தின்ற நாக்கைக் காய்ச்சிய பொன் ஊசியால் சுட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். மறுத்தால் வேலை இல்லை. சொந்தக்காரர்களும் வீட்டில் சேர்க்கக் கூடாது. அய்யாக்கண்ணு கெஞ்சினான். "அக்கா, ஒரு நிமிசந்தான். பல்லக் கடிச்சிக்கிட்டு நில்லு. புள்ளகுட்டிக்காரன் நான், எங்க போவேன்?" அவளுக்குக் கோபம் தம்பி மேல் இல்லை.

மறுநாள் காலை அரண்மனை முற்றத்தில் கூட்டம். ஆசாரி கரியை ஊதிக்கொண்டிருந்தார். ஜமீன்தார் மாடத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். காரியஸ்தர், "நாக்க நீட்டு" என்றார்.

"நீட்டுறேங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்" என்றாள் சிந்தாமணி. "நான் தீட்டுன்னா, தீட்டுக் கையால அஞ்சு நாள் ஆக்கிப் போட்டிருக்கேன். அய்யா சாப்பிட்டீங்க. ராணியம்மா சாப்பிட்டாங்க. மேல நிக்கிறவுக ரெண்டாந்தரம் கொழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாக. பெரியவுகள்லருந்து ஆரம்பிக்கிறதுதானே மொறை? மொத ஊசி யாருக்குங்க?"

ஆசாரியின் ஊதுகுழல் நின்றது. மாடத்தில் வெற்றிலை மெல்லும் வாயும் நின்றது. கூட்டத்தில் யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

காரியஸ்தர் லேசுப்பட்ட ஆளில்லை. மாடத்துக்கு ஓடினார், குசுகுசுத்தார், வந்தார். முகத்தில் திடீர்க் கருணை. "விசாரிச்சதுல ஒரு விஷயம் தெளிவாயிருக்கு. மலையில இவ எதையும் சாப்பிடல. நாம வச்சிட்டு வந்த பொரியைத் தின்னுட்டுப் பட்டினி கெடந்திருக்கா. பூங்காவனம் தப்பாப் புரிஞ்சுக்கிட்டா. என்ன சிந்தாமணி, அப்படித்தானே? தலைய மட்டும் ஆட்டு, போயி ஒலை வையி."

யோசித்துப் பாருங்கள். ஊசி இல்லை, வேலை உண்டு, தம்பி வீடு உண்டு. ஒரு தலையாட்டல். அய்யாக்கண்ணு கையைக் கூப்பியபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். நானாக இருந்தால் கழுத்து ஒடிய ஆட்டியிருப்பேன்.

"சாப்பிட்டேங்க" என்றாள் அவள். முற்றத்தின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி சொன்னாள். "நீங்க போட்டுட்டுப் போன பொரிய எறும்பு தின்னுச்சு. நான் காராயி வூட்டுச் சட்டியில, ரெண்டு வேளையும் கஞ்சி குடிச்சேன். அவ ஊத்தலைன்னா செத்திருப்பேன்."

ஜமீன்தார் நாக்கைச் சுட்டுக்கொண்டாரா என்று கேட்பீர்கள். அரண்மனையில் ஒருவர் நாக்கிலும் ஊசி படவில்லை. சாப்பிட்டவர்களுக்குத் தோஷமில்லை, சமைத்தவளுக்குத்தான் தோஷம் என்று அரைமணி நேரத்தில் ஒரு சாஸ்திரம் கண்டுபிடித்தார்கள். அவளை ஒதுக்கிவைத்தார்கள். அய்யாக்கண்ணு அவளுடைய இரண்டு புடவைகளைத் தெருவில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அழுதபடியே கதவைச் சாத்தினான். நாலு வருடம் ஆகியும் அந்தக் கதவு அவளுக்குத் திறக்கவில்லை.

இதையெல்லாம் அவள் எனக்கு இலை போட்டுக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் தாங்கவில்லை. "ஏம்மா, காராயி அங்க மலையில இருக்கா, அவளுக்கு இது தெரியவா போவுது? ஒரு தலையாட்டல்ல போயிருக்குமே" என்றேன்.

சோற்றுக் கரண்டியோடு நிமிர்ந்து என்னை முறைத்தாள்.

"உசுரு குடுத்தவள இல்லைன்னு சொல்லிட்டு, அப்புறம் அந்த வாயால என்னத்தங்க திங்கிறது?"