சின்ன முதலாளி அறைக்கு முதல் வரிசை

தொண்ணூறுகளின் கடைசியில் கோவையில் ஒரு நூற்பாலையின் தலைமை அலுவலகத்தில் எனக்கு வேலை. காந்திபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நடந்து போகும் தூரம். உடுமலைப்பேட்டையில் இருந்த அப்பாவுக்கு நான் என்ன வேலை செய்கிறேன் என்று கடைசிவரை பிடிபடவில்லை. கேட்பவர்களிடம், "கம்ப்யூட்டருக்கு ஒயர் மாட்றானுங்க" என்பார்.

ஆலை வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கும் அலுவலகத்துக்கும் நடுவே வாடகைக்கு எடுத்த ஒரே ஒரு லைன். இரண்டு முனையிலும் ரவுட்டர் என்று ஒவ்வொரு பெட்டி. எந்தத் தகவல் முதலில் போக வேண்டும், எது காத்திருக்க வேண்டும் என்று அந்தப் பெட்டிக்குச் சொல்லி வைப்பது என் வேலை. ஆலைக் குடோனில் ஒரு பெண் நூல் மூட்டைகளின் வரவையும் அனுப்புகையையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். அவர் தட்டும் எழுத்து கோவைக்கு வந்து, திரும்பிப் போன பிறகுதான் அவர் திரையில் தெரியும். சாதாரணமாக அது கண்ணுக்கே தெரியாத தாமதம். அவருக்கு என் வயதுதான் இருக்கும். முத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். மூன்று வருடத்தில் அவர் ஏற்றியதில் ஒரு பிழையைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த வருடம் முதலாளியின் இளைய மகன் அமெரிக்காவில் படிப்பை முடித்துவிட்டு வந்து ஆலையில் உட்கார்ந்தார். குளிர்சாதன அறை, புதுக் கம்ப்யூட்டர். இன்டர்நெட் கோவையிலிருந்து அதே லைன் வழியாகத்தான் போக வேண்டும். மெதுவாக வருகிறது என்று கோபப்பட்டார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, சின்னவரு ரூமுக்குப் போறது ஒரு நிமிசம்கூட நிக்கப்படாதுங்க."

அப்படிச் செய்தால் அவர் எதையாவது இறக்கிக்கொண்டிருக்கும்போது மற்றதெல்லாம் அப்படியே நின்றுவிடும் என்றேன். குடோனுக்குக் கொஞ்சம், அவருக்கு மிச்சம் என்று பங்கு பிரித்து வைக்கலாம், யாருக்கும் சிரமம் இருக்காது என்று தாளில் வரைந்தும் காட்டினேன்.

மேனேஜர் தாளைப் பார்க்கவில்லை. "ஏனுங்க தம்பி, மொதலாளி மகனுக்குப் பங்கு பிரிச்சுக் குடுக்க நீங்க யாருங்க?" என்றார்.

நான் என் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, சின்ன முதலாளியின் அறைக்கு முதல் வரிசை என்று ரவுட்டரில் எழுதினேன். ஐந்தாறு வரிகள். குடோனைக் கடைசி வரிசையில் போட்டேன். அதை யாரும் என்னைப் போடச் சொல்லவில்லை. முதல் வரிசை நிரம்பி வழியும்போது கடைசி வரிசை எப்படிப் போனால் என்ன என்ற எரிச்சலில் நானாகச் செய்தது.

மறுவாரம் அந்தப் பெண் போன் செய்தார். "ஏனுங்க சார், அடிக்கற எழுத்து வரமாட்டேங்குதுங்க. வரலையேன்னு மறுக்கா அடிச்சா, ரெண்டும் சேர்ந்தாப்புல வந்து உழுகுதுங்க. லைன்ல ஏதாச்சுங்களா?"

"லைன் நல்லாத்தான் இருக்குங்க. கொஞ்சம் பொறுத்து அடிச்சுப் பாருங்க" என்றேன்.

அவர் பொறுத்துப் பார்த்தார். வாசலில் லாரி நிற்கும்போது எவ்வளவு நேரம்தான் பொறுக்க முடியும்? ஒரு நாள் நாற்பது மூட்டை நான்காயிரத்து நாற்பது மூட்டையாக ஏறியது. அந்தக் கணக்கை நம்பி கோவையிலிருந்து ஒருவருக்குச் சரக்கு தருவதாகச் சொல்லிவிட்டார்கள். அவர் அனுப்பிய லாரி காலியாகத் திரும்பியது.

விசாரிக்க மேனேஜர் ஆலைக்குப் போனார். என்னையும் அழைத்துப் போனார். அந்தப் பெண் ஒரு சின்ன நோட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு எழுத்து நின்றது, எப்போது மறுபடி வந்தது என்று ஒழுங்காகக் குறித்திருந்தார். பதினொன்றிலிருந்து ஒன்று. மூன்றிலிருந்து ஐந்து. சின்ன முதலாளி அறையில் இருக்கும் நேரம் அதுதான். நின்ற இடத்திலிருந்தே என்னால் படிக்க முடிந்தது.

மேனேஜர் நோட்டை எடுக்கவில்லை. என்னைப் பார்த்து, "லைன்ல கோளாறு இருக்குதுங்களா தம்பி?" என்று கேட்டார்.

"இல்லீங்க. லைன் நல்லா இருக்குது."

பொய் இல்லை. லைனில் ஒரு கோளாறும் இல்லை. அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"கவனம் இல்லாம அடிச்சுப்போட்டு மிசின் மேல பழி போடாதீங்க அம்மணி" என்றார் மேனேஜர். அந்தப் பெண்ணை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் இடத்துக்கு மேனேஜரின் மைத்துனர் மகன் வந்தான். பத்து நாள்கூட ஆகவில்லை, மேனேஜரே எனக்குப் போன் செய்தார். "தம்பி, பையன் அடிக்கறது நின்னு நின்னு வருதாமுங்க. அந்த லைன உடனே சரி பண்ணிப்போடுங்க."

அவன் சொன்னதும் கோளாறு லைனுக்குப் போய்விட்டது. முதலில் தாளில் வரைந்து காட்டிய அதே பங்கீட்டை ரவுட்டரில் எழுதினேன். பத்து நிமிட வேலை. குடோனில் எழுத்து ஓட ஆரம்பித்தது. சின்ன முதலாளியிடமிருந்து ஒரு புகார்கூட வரவில்லை. தனக்கு ஏதோ குறைந்தது என்பதே அவருக்குத் தெரியவில்லை.

அதுதான் என்னை முத்தூர் வரை போக வைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விசாரித்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அப்போது ஒரு பனியன் கம்பெனியில் மடிப்பு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வாசற்படியில் நின்றே கேட்டுக்கொண்டார். ரவுட்டர், வரிசை என்று நான் விளக்க ஆரம்பித்ததும் நிறுத்தினார்.

"அவரு காரு கேட்டுக்குள்ள நுழைஞ்சா எழுத்து நிக்குமுங்க. எனக்கு அப்பவே தெரியும். நானாச் சொன்னா எடுபடாதுன்னுதான் நோட்டு எழுதுனேன். நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"மேனேஜருக்கு ஒரு லெட்டர் எழுதட்டுங்களா?"

"எதுக்குங்க? மறுக்கா அங்க வந்து அவங்க மூஞ்சியப் பாக்கறதுக்கா?" என்றார். பிறகு, "பஸ்சு இப்ப ஒன்னு இருக்குதுங்க. போனாப் புடிச்சுரலாம்" என்று சொல்லி உள்ளே போனார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் வாசலுக்கு வந்தவனை அப்படி அனுப்புவது வழக்கமில்லை.

அதே ஆலையில் இன்னும் இரண்டு வருடம் இருந்தேன். பிறகு பெங்களூரில் வேலைக்குப் போனேன். நேர்காணலில், நெரிசலான லைனை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார்கள். பலகையில் படம் போட்டு, முதலில் முதல் வரிசை, அதனால் கடைசி வரிசைக்கு என்ன ஆயிற்று, பிறகு பங்கீடு என்று படிப்படியாகச் சொன்னேன். நல்ல அனுபவம் என்று பாராட்டி, கேட்டதற்கு மேலேயே சம்பளம் போட்டார்கள்.