பதினோராம் கூண்டும் முயலக்காவும்

ஆய்வுக்கூடத்தின் சம்பளப் பட்டியலில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் வாசல் காவலாளி முதல் பெரிய அதிகாரி வரை எல்லோருக்கும் அவள் முயலக்காதான். பத்தொன்பது வருஷமாக அங்கே முயல்களுக்குத் தீவனம் வைப்பதும் கூண்டு கழுவுவதும் அவள் வேலை. வீட்டுக்காரர் தையல்காரர், வாய்த்துடுக்கு ஜாஸ்தி.

"அதுங்க தலையைத் தடவுற மாதிரி என் தலையை ஒரு நாளாவது தடவியிருக்கியா?" என்பார்.

"நீங்க சொல்பேச்சு கேட்டாத்தானே!"

முயல்களைக் கொத்துக்கொத்தாகக் கொல்லும் ஒரு வைரஸ் நோய்க்குத் தடுப்பூசி செய்யும் இடம் அது. காலையில் துள்ளிய முயல் மறுநாள் விறைத்துக் கிடக்கும், அவ்வளவு வேகம். அந்தக் கிருமி ஆய்வுக்கூடக் குடுவையில் வளராது. அதனால் முயல்களுக்கே நோயைக் கொடுத்து, அவற்றின் ஈரலிலிருந்துதான் மருந்து எடுத்தார்கள். ஈரல் எடுக்கும் அறையைத் தாண்டும்போதெல்லாம் முயலக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பாள்.

"முயலைக் காப்பாத்த முயலையே கொல்லணுமா டாக்டரம்மா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"எனக்கும் பிடிக்கலைக்கா. வேற வழி தேடிட்டுத்தான் இருக்கேன்" என்றார் தடுப்பூசி ஆராய்ச்சியைக் கவனித்துவந்த, அவளைவிட வயதில் சின்னவரான டாக்டர்.

தேடி, கிடைத்தது. கிருமியின் மேலுறையை மட்டும் பூச்சி செல்களில் வளர்த்து ஒரு புதிய தடுப்பூசி செய்தார். சோதனைக்குப் பதினைந்து முயல்கள். பத்துக்கு ஊசி, ஐந்துக்கு இல்லை. மூன்று வாரம் கழித்து எல்லாவற்றுக்கும் கிருமியைக் கொடுத்தார்கள்.

அந்த ஐந்தின் கதி அவளுக்குத் தெரியும். "லீவு எடுத்துக்கோங்க" என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. "பழகின கை இருந்தா பயப்படாதுங்க." ஒவ்வொன்றும் துவளத் தொடங்கியதும், வலி தெரியாமல் முடிக்கும் ஊசி ஏறும்வரை மடியில் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் ஐந்து கூண்டுகளும் காலி.

ஐந்தாம் நாள் பதினோராம் கூண்டு முயல் சாப்பிடவில்லை. அது தடுப்பூசி போட்ட முயல். டாக்டருக்கு முகம் செத்துவிட்டது. "நோய் வந்துடுச்சு. மருந்து பிடிக்கலை. இதையும் முடிச்சுட்டு ஈரலைப் பார்த்துடலாம்."

"கொஞ்சம் பொறுங்கம்மா. காய்ச்சல் இருக்கா?"

"இல்லை..."

"நோய் வந்தது தீவனத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இது ஆசையா வருது, வாயில வைக்குது, கீழே போட்டுடுது. வாயைப் பாருங்க."

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். கடைவாய்ப் பல் ஒன்று ஊசியாக வளர்ந்து நாக்கைக் கிழித்திருந்தது. ரத்தத்திலும் கிருமி இல்லை. மயக்க மருந்து கொடுத்துப் பல்லை ராவிவிட்டார்கள். மறுநாள் காலை முயலக்கா வைத்த கீரையை அது வெளுத்து வாங்கியது. டாக்டர் அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தார்.

பத்தும் பிழைத்தன. மருந்தின் காப்பு எத்தனை நாள் நிற்கும் என்று பார்க்க, அவற்றை அவள் பொறுப்பிலேயே வைத்திருந்தார்கள்.

இரண்டு வருஷத்தில் புதிய தடுப்பூசிக்கு அனுமதி வந்தது. ஈரல் எடுத்த அறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, சாவியை டாக்டர் அவளிடம் கொடுத்தார்.

"இனிமே இது உங்க தீவன அறைக்கா."

முயலக்கா சாவியை வாங்கிக் கதவைத் திறந்தாள். ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, காய்ந்த புல்லைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து அடுக்க ஆரம்பித்தாள்.